போட்ட சாலையைக் காப்பது யார்?



சாலைக்கும் போக்குவரத்துக்கும் உலக நாடுகள் செலவிடும் பணத்தை ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எந்த நாடு எத்தனை லட்சம் கோடி செலவழித்தது, யார் முதலிடம், நாம் எத்தனையாவது இடம் என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அந்தப் பட்டியலால் உங்களுக்குப் பெரிய பயன் கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போகிறேன். சாலை போடப் பணம் ஒதுக்கினார்கள், சரி. போட்ட சாலையைக் காக்க யார் ஒதுக்கினார்கள்? எப்போது ஒதுக்கினார்கள்? எந்தக் கணக்கில் ஒதுக்கினார்கள்?

முதலில் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாரிஸில் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பல நாடுகளின் போக்குவரத்து முதலீட்டை ஆண்டுவாரியாகத் திரட்டி வெளியிடுகிறது. அதைப் பார்த்தால், கடந்த பத்தாண்டுகளில் சீனா தன் நாட்டு உற்பத்தி மதிப்பில் 5 சதவீதத்தை ஒட்டிய தொகையைச் சாலையிலும் ரயிலிலும் நீர்வழியிலும் போட்டிருக்கிறது. அமெரிக்காவின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. இதைப் படித்துவிட்டு, அமெரிக்கா சாலைகளைக் கைவிட்டது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. அமெரிக்கா தன் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதியை 1950களிலிருந்து 70களுக்குள் போட்டுவிட்டது. சீனாவின் முதல் விரைவுச்சாலை, ஷாங்காய்க்கும் ஜியாடிங்குக்கும் இடையே 20 கிலோமீட்டர் அளவில், 1988இல்தான் திறக்கப்பட்டது. ஒரு நாடு கட்டும் வயதில் இருக்கிறது. இன்னொரு நாடு காக்கும் வயதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி, யார் பெரியவர் என்று கேட்பது நியாயமா?

இன்னொன்றையும் அந்த அட்டவணையில் கவனியுங்கள். புது முதலீடு என்ற பத்தியில் பெரும்பாலான நாடுகளுக்கு நேரே எண் இருக்கும். பராமரிப்பு என்ற பத்திக்கு வந்தால் பல நாடுகளுக்கு நேரே கட்டம் காலி. கட்டியதற்குக் கணக்கு இருக்கிறது, காத்ததற்குக் கணக்கு கொடுக்கவே இல்லை. அந்தக் காலிக் கட்டங்களைப் பற்றித்தான் என் பேச்சு முழுவதும்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். 1919ஆம் ஆண்டு கோடையில் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ராணுவ லாரிகளின் அணி ஒன்று புறப்பட்டது. போய்ச் சேர 62 நாட்கள் ஆயின. வழியில் சேற்றில் புதைந்தன, மரப்பாலங்களை உடைத்துக்கொண்டு இறங்கின. அந்த அணியில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். அவர் பெயர் ட்வைட் ஐசனோவர். 37 ஆண்டுகள் கழித்து, 1956 ஜூன் மாதம், அதே ஐசனோவர் குடியரசுத் தலைவராக ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள், 13 ஆண்டுகள், 2,500 கோடி டாலர். பணம் எங்கிருந்து வரும்? பெட்ரோல் வரியை காலனுக்கு 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டாக உயர்த்தினார்கள். அந்த வருவாயைப் பொதுக் கருவூலத்தோடு கலக்காமல், நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதி என்று தனிக் கணக்கில் வைத்தார்கள். சாலையில் ஓடுகிறவர் கொடுத்த வரி சாலைக்கே போகும் என்று மக்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் நண்பர்களே, அந்தச் சட்டத்துக்குள் ஒரு விகிதம் இருந்தது. கட்டுமானச் செலவில் 90 சதவீதம் மத்திய அரசு கொடுக்கும், மாநிலம் 10 சதவீதம் போட்டால் போதும். பராமரிப்புக்கு மத்திய அரசின் பங்கு எவ்வளவு? ஒன்றும் கிடையாது. அது முழுக்க மாநிலத்தின் பொறுப்பு. நீங்கள் ஒரு மாநில நிதியமைச்சராக இருந்தால் என்ன செய்வீர்கள்? பத்து டாலர் போட்டால் நூறு டாலர் மதிப்புள்ள புதுச் சாலை கிடைக்கும். அதே பத்து டாலரைப் பழைய சாலையில் போட்டால் பத்து டாலர் வேலைதான் நடக்கும். எல்லா மாநிலங்களும் முதல் வழியில் போனதில் என்ன வியப்பு?

தளங்களை 20 ஆண்டு ஆயுளுக்குக் கணக்கிட்டுத்தான் வடிவமைத்திருந்தார்கள். அந்த 20 ஆண்டுகள் ஓடி முடிந்த பிறகு, 1976இல்தான், மேல்தளம் மாற்றவும் சீரமைக்கவும் புதுப்பிக்கவும் மத்திய நிதியிலிருந்து பணம் தரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய நெடுஞ்சாலைத் திட்டம், தன் பராமரிப்பை நினைவில் கொண்டுவர 20 ஆண்டுகள் ஆயின. 2,500 கோடி டாலரில் தொடங்கிய திட்டத்தின் மதிப்பீடு 1991இல் 12,890 கோடி டாலரில் வந்து நின்றது. விலைவாசி உயர்வும் இடையில் சேர்த்த வேலைகளும் அதற்குக் காரணங்கள். அந்த 3 சென்ட் வரி? படிப்படியாக ஏறி 1993இல் 18.4 சென்ட் ஆயிற்று. இன்றைக்கும் அதே 18.4 சென்ட்தான். முப்பது ஆண்டுகளில் தார் விலை ஏறியது, கூலி ஏறியது, இரும்பு விலை ஏறியது. வரி மட்டும் ஏறவில்லை. 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து திரும்பத் திரும்பப் பணத்தை மாற்றித்தான் அந்தத் தனி நிதியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

பிரிட்டனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1909 நிதிநிலை அறிக்கையில் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் வரி போட்டு, அந்தப் பணம் சாலைக்கே என்று அறிவித்தார். 1920களில் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியில் கைவைத்தார். 1937இல் தனி ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது, வரிப்பணம் பொதுக் கருவூலத்தில் கலந்தது. நிதி வறண்டு போகும் காலத்தில், எந்த அரசும் முதலில் பார்ப்பது சத்தம் போடாத கணக்கைத்தான். சாலைப் பராமரிப்பைப் போல் சத்தம் போடாத கணக்கு வேறு எது?

அடுத்து ஜப்பான். இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 1956இல் ரால்ஃப் வாட்கின்ஸ் தலைமையில் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு ஜப்பானுக்குப் போனது. முதல்தர தேசிய நெடுஞ்சாலைகளிலேயே முக்கால் பங்குக்குத் தளம் போடப்படவில்லை என்பது அன்றைய நிலை. இவ்வளவு மோசமாகச் சாலைகளைக் கைவிட்ட தொழில்நாடு வேறு எதுவும் இல்லை என்ற கருத்தில் அந்தக் குழு அறிக்கை எழுதியது. யோசித்துப் பாருங்கள், இன்று நாம் வாய்பிளந்து பார்க்கிற ஜப்பான் அது!

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1953இல், பெட்ரோல் வரியைச் சாலைக்கென்றே ஒதுக்கும் சட்டம் அங்கே வந்திருந்தது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் ககுயே தனாகா. பனி கொட்டும் நீகாதா பகுதியிலிருந்து வந்த இளம் உறுப்பினர், பின்னாளில் பிரதமரானவர். குளிர்காலம் முழுக்கச் சாலை மூடிக்கிடக்கும் ஊர்களில் மருத்துவரைத் தேடிப் போக முடியாத வேதனையை அறிந்தவர். ஆகவே அந்தச் சட்டத்தின் தொடக்கத்தில் இருந்த நல்ல நோக்கத்தை நான் மதிக்கிறேன். உலக வங்கியிடம் கடன் வாங்கி மெய்ஷின் விரைவுச்சாலையைப் போட்டார்கள். அதன் முதல் பகுதி 1963இல் திறந்தது. அடுத்த ஆண்டே ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடியது.

பிறகு என்ன நடந்தது? பணம் தனிக் கணக்கில் குவிந்துகொண்டே இருந்தது. வரி வருகிறது, வந்த வரியைச் சாலைக்குத்தான் செலவழிக்க வேண்டும், ஆகவே சாலை போடு. 1974இல் தற்காலிகம் என்று சொல்லிக் கூட்டிய வரிவிகிதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது, வேலை கொடுப்பதற்காக மேலும் மேலும் பொதுப்பணிகள். ஹோன்ஷுத் தீவையும் ஷிகோகுத் தீவையும் இணைக்க ஒரு வழி போதாதென்று மூன்று வழிகளில் பெரும் பாலங்கள். கடைசியில் 2009இல் அந்தத் தனி ஒதுக்கீட்டையே நீக்கினார்கள். அமெரிக்காவின் தனிக் கணக்கு வற்றியது, பிரிட்டனின் தனிக் கணக்கைக் கரைத்தார்கள், ஜப்பானின் தனிக் கணக்கு நிரம்பி வழிந்தது. மூன்று நாடுகளிலும் கட்டுவதற்கு முன்னுரிமை, காப்பதற்குப் பின்னுரிமை.

2012 டிசம்பர் 2ஆம் தேதி, டோக்கியோவுக்கு மேற்கே சூவோ விரைவுச்சாலையில் உள்ள சசாகோ சுரங்கத்தில் மேற்கூரைப் பலகைகள் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு இடிந்து விழுந்தன. ஒவ்வொரு பலகையும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட். 9 பேர் இறந்தார்கள். 1977இல் திறந்த சுரங்கம் அது. பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் சுரங்கத்தின் மேல்வளைவுக் கான்கிரீட்டோடு பிடித்திருந்த பிடி தளர்ந்துபோயிருந்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? மிக எளிமையான ஒரு கருவி போதும். சுத்தியல். ஆய்வாளர் ஏணியில் ஏறி போல்ட்டைச் சுத்தியலால் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார். இறுகப் பிடித்திருக்கும் போல்ட் தெளிந்த, கணீரென்ற ஒலி தரும். தளர்ந்த போல்ட் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். ஒரு சுத்தியல், ஓர் ஏணி, பழகிய ஒரு காது, சில மணி நேரக் கூலி. அந்த உயரத்தில் இருந்த போல்ட்டுகளை அப்படித் தட்டிப் பார்க்கும் சோதனை பல ஆண்டுகளாக நடக்கவில்லை. பாலங்களுக்காக லட்சம் கோடிக் கணக்கில் யென் செலவழித்த நாட்டில் அந்தச் சுத்தியலுக்கு ஒதுக்கீடு இல்லாமல் போயிற்றே! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆனால் ஜப்பான் அதிலிருந்து கற்றுக்கொண்டது. 2013இல் சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2014 முதல், நாட்டில் உள்ள 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களையும் எல்லாச் சுரங்கங்களையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். தூரத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது.

பணக்கார நாடுகளின் கதை இது. ஏழை நாடுகளில் என்ன நடந்தது? உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஆப்பிரிக்க நாடுகள் உரிய காலத்தில் 1,200 கோடி டாலரைச் சாலைப் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்கிறது அந்தக் கணக்கு. யார் அந்த 4,500 கோடியை இழந்தது? பள்ளிக்கூடம் இல்லாத ஊர்கள், குடிநீர் இல்லாத ஊர்கள். சாலை போடக் கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். போட்ட சாலையில் ஒரு மதகைத் தூர்வாரக் கடன் கொடுக்க யாரும் இல்லை. கட்டுமானத்துக்கு வெளிநாட்டுக் கடன், பராமரிப்புக்கு உள்நாட்டு வெறுங்கை. மாநிலங்களுக்கு 90 சதவீதம் கொடுத்த அமெரிக்கச் சட்டத்தில் இருந்த அதே கோணல், கண்டம் தாண்டி வந்து நின்றது.

அப்படியானால் சரியாகச் செய்தவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போவோம். அங்கே 1998இல் மக்களிடம் இரண்டு முறை வாக்கெடுப்பு நடத்தினார்கள். சரக்கு லாரிகள் எடைக்கும் ஓடிய தூரத்துக்கும் விடும் புகைக்கும் ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும் என்று முதல் வாக்கெடுப்பு. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ரயில்பாதைக்கு என்று அடுத்த வாக்கெடுப்பு. இரண்டுக்கும் மக்கள் சரி என்றார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் 2016இல் திறந்தது. லாரி கட்டிய கட்டணம் ரயிலுக்கு வழி போட்டது.

கோட்ஹார்ட் சுரங்கத்தை எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். என் நெஞ்சைத் தொட்டது அந்தச் சுரங்கம்கூட இல்லை. 2014இல் அதே மக்கள் வாக்களித்து ரயில் கட்டமைப்புக்கென ஒரு நிரந்தர நிதியை உருவாக்கினார்கள். அந்த நிதிக்கான சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நிதியிலிருந்து முதலில் இருப்பதை இயக்கவும் பழுதில்லாமல் காக்கவும் தேவையானதை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விரிவாக்கம். புதுப் பாதையை யார் கேட்டாலும், எந்தத் தொகுதி கேட்டாலும், பழைய பாதையின் தேவை தீர்ந்த பிறகே அவர்கள் வரிசை வரும். நான் பார்த்த ஒதுக்கீட்டுச் சட்டங்களில் இதைவிட அறிவுள்ள ஏற்பாடு இன்னொன்று இல்லை.

சீனாவை ஒரு வார்த்தையில் தாண்டிப் போகிறேன். 1988இல் 20 கிலோமீட்டர், 2023 முடிவில் 1.8 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் விரைவுச்சாலை. கடன் வாங்கிப் போடு, சுங்கம் வசூலித்துக் கட்டு என்பது அங்கே கொள்கை. 2021 கணக்கில், வசூலான சுங்கத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அந்தச் சாலைகளுக்காகச் செலவானது. செலவில் பெரும்பகுதி கடன் தவணையும் வட்டியும். காக்கும் வயது இனிமேல்தான் அவர்களுக்கு வரப்போகிறது.

நம் நாட்டுக்கு வருவோமா? நமக்கும் ஒரு தனி நிதி உண்டு, அதுவும் பழைய நிதி. சாலை வளர்ச்சியை ஆராய அமைத்த ஜெயகர் குழு 1928இல் அறிக்கை கொடுத்தது, 1929இல் மத்திய சாலை நிதி பிறந்தது. காலனுக்கு 2 அணா பெட்ரோல் மீது கூடுதல் வரி. அமெரிக்காவின் அறக்கட்டளை நிதிக்கு 27 ஆண்டுகள் மூத்தது நம்முடையது! 2000இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. 2018இல் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று பெயரையும் வரம்பையும் விரித்தார்கள். இடையில் சென்னையையும் மும்பையையும் டெல்லியையும் கொல்கத்தாவையும் இணைத்து 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரம் போட்டோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஒதுக்கீடு 2024-25இல் 2.78 லட்சம் கோடி ரூபாய். நாம் இன்று கட்டும் வயதின் உச்சத்தில் இருக்கிறோம். பெருமைப்படுங்கள், நானும் பெருமைப்படுகிறேன். நீலகிரியின் மலைக்கிராமத்துக்குப் பேருந்து போகிறது என்றால் அது சாலையால் வந்த விடுதலை.

ஆனால் மாணவர்களே, அடுத்த முறை நிதிநிலை ஆவணம் கையில் கிடைத்தால் இரண்டு எண்களைத் தேடுங்கள். 5054, 3054. இந்தியா முழுவதும் எல்லா அரசுகளின் கணக்கிலும் இதே எண்கள்தான். 5054 என்பது சாலைகள், பாலங்களுக்கான மூலதனச் செலவு. புதுப் பாலம், அகலப்படுத்துதல், புறவழிச்சாலை எல்லாம் அங்கே. 3054 என்பது அதே சாலைகள், பாலங்களுக்கான வருவாய்ச் செலவு. பள்ளம் அடைப்பது, வடிகால் தூர்வாருவது, மதகுச் சுவர் பூசுவது பெரும்பாலும் இங்கே. பற்றாக்குறை வந்தால் எது முதலில் குறையும்? வருவாய்ச் செலவைக் குறை, மூலதனச் செலவைக் கூட்டு என்பதுதான் நல்ல நிதி நிர்வாகத்துக்கு இலக்கணமாகச் சொல்லப்படுகிறது. அந்த இலக்கணத்தின்படி ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டு மாடி எடுக்கிறவர் முதலீட்டாளர், ஓடு மாற்றுகிறவர் செலவாளி. பேருந்துக்கும் இதே கதிதான். மேம்பாலம் கட்டினால் முதலீடு என்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போக அரசு கொடுக்கும் பணத்தை மானியம் என்கிறார்கள். மேம்பாலத்தில் கார் போகிறது, பேருந்தில் வேலைக்குப் போகும் பெண் போகிறாள். எது முதலீடு?

ஒரு சாலை எப்படிச் சாகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் புல்லும் மண்ணும் வளர்ந்து, தார்த்தளத்தைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் தளத்திலேயே நிற்கும். மயிரிழை போன்ற வெடிப்பில் இறங்கும். மேலே ஒரு மணல் லாரி போகும்போது உள்ளே இருந்த தண்ணீர் அழுத்தப்பட்டு, ஜல்லிக்கு இடையில் இருக்கிற பொடியைக் குழம்பாக வெளியே தள்ளும். வெடிப்பின் ஓரத்தில் செம்மண் கறை தெரிகிறதே, அது சாலையின் உள்ளிருந்து வந்தது. அடுத்த மழைக்குத் தளம் கட்டம் கட்டமாக வெடிக்கும், அதற்கடுத்த மழைக்குப் பள்ளம். ஓரத்து மண்ணை முதல் மழைக்கு முன்பே மண்வெட்டியால் சீவிவிட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

அந்த மண்வெட்டி யார் கையில் இருந்தது? தமிழ்நாட்டில் 1997இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் சாலைப் பணியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஓரம் சீவுவது, முள் வெட்டுவது, மதகு அடைப்பு எடுப்பது, சின்னப் பள்ளத்தை அன்றைக்கே அடைப்பது அவர்கள் வேலை. 2002இல் நிதி நெருக்கடிக் காலத்தில் அத்தனை பேரையும் வேலையைவிட்டு நீக்கினார்கள். 2006இல் திரும்பச் சேர்த்தார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று அதன் பிறகும் அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. சசாகோவில் இல்லாமல் போன சுத்தியலும், இங்கே பறிக்கப்பட்ட மண்வெட்டியும் ஒரே கணக்குத் தலைப்பைச் சேர்ந்தவை.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 7 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டிருக்கிறோம். ஊர் எல்லையில் அதன் தகவல் பலகையைப் படித்துப் பாருங்கள். சாலை போட்ட செலவு ஒரு வரி. அதற்குக் கீழே, ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகை. போட்ட ஒப்பந்ததாரரே ஐந்தாண்டு காக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆறாவது ஆண்டில் அந்தச் சாலை மாநிலத்தின் கையில் வந்து நிற்கிறது. அப்போது அது 3054ஐ நம்பித்தான் வாழ வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். 3054க்கு உரியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை 5054க்கு எடுக்க வேண்டும் என்று, சுவிஸ் மக்கள் தங்கள் ரயிலுக்கு எழுதிவைத்த அந்த முன்னுரிமையை நாம் நம் சாலைக்குச் சட்டமாக எழுத வேண்டும். மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதிச் சட்டத்தில் எழுதலாம், மாநில நெடுஞ்சாலைச் சட்டத்திலும் எழுதலாம். எத்தனை கிலோமீட்டர் புதிதாகப் போட்டோம் என்று ஆண்டுதோறும் அவையில் வாசிக்கிற அமைச்சர், எத்தனை கிலோமீட்டரில் ஓரம் சீவினோம், எத்தனை பாலத்தைத் தட்டிப் பார்த்தோம் என்பதையும் அதே அறிக்கையில் வாசிக்க வேண்டும். அந்தக் காலிக் கட்டத்தில் ஓர் எண் வரட்டும். எண் வந்துவிட்டால் அதைக் கேள்வி கேட்க இந்த மண்டபத்திலேயே ஆட்கள் இருக்கிறீர்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் பொறியாளர்களுக்கு மறுப்பு இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.